பிரதியைக் கையிலிருந்து வாங்குபவர்கள்

பிரான்ஸின் ரூவான் நகர நூலகத்தில் குஸ்தாவ் ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’ நாவலுக்கான கைப்பிரதிகள் பாதுகாக்கப்படுகின்றன. திட்டக் குறிப்புகள், வரைவுகள், அவர் கைப்பட எழுதிய இறுதிப் பிரதி, நகலெடுப்பவர் எழுதிய பிரதி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 4,500 பக்கங்கள். ரூவான் பல்கலைக்கழகத்தின் முன்முயற்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இந்தப் பக்கங்களை எழுத்தெழுத்தாகப் படித்துப் பெயர்த்தெழுதினார்கள். 2009-ல் அவை இணையத்தில் ஏறின. ஒரு நாவலாசிரியர் தன் பிரதியோடு எப்படி மல்லுக்கட்டினார் என்பதை வாக்கியம் வாக்கியமாகப் பின்தொடர இவ்வளவு முழுமையான சான்று அரிதாகவே கிடைக்கும்.

ஒரு வரைவுத் தாளைப் பார்க்கலாம். பெரிய தாள், இடப்பக்கம் அகலமான ஓரம் விட்டிருக்கிறது. முதலில் வரிகள் ஒழுங்காக ஓடுகின்றன. பிறகு வரிகளுக்கு நடுவே சொற்கள் நுழைகின்றன. ஓரத்தில் ஒரு புதுப் பத்தி முளைக்கிறது. அந்தப் பத்திக்குள்ளும் அடித்தல் திருத்தல். இனி ஒரு சொல்லுக்கும் இடமில்லை என்றானதும் ஃப்ளோபேர் புதுத் தாளில் படியெடுக்கிறார். படியெடுத்து முடிந்த பழைய தாளின் மேல் மூலைக்கு மூலை ஒரு பெரிய பெருக்கல் குறி. அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வேறொரு பகுதியின் வரைவு. புதுத் தாளுக்கும் அதே கதி. சில பத்திகள் பத்து முறைக்கு மேல் இப்படிப் படியேறி வந்திருக்கின்றன. வரைவுகளை வரிசையாக வைத்தால் ஒரு போக்கு தெரிகிறது. பிரதி முதலில் வீங்குகிறது, பிறகு வற்றுகிறது. கண்ணில் பட்டதையெல்லாம் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, வாசகர் தாமாகவே ஊகித்துக்கொள்ளக்கூடிய ஒவ்வொன்றையும் ஒரு சுற்றுக்கு ஒன்றாக வெளியே எடுக்கிறார். காரணம் சொல்லும் இணைப்புகள், கதைசொல்லியின் அபிப்பிராயங்கள், உவமைகள் ஆகியவைதான் அதிகம் பலியானவை.

நாவலின் இரண்டாம் பாகத்தில் விவசாயக் கண்காட்சிக் காட்சி ஒன்று வருகிறது. மேடையில் அதிகாரி பேசுகிறார்; மாடுகளுக்கும் உரத்துக்கும் பரிசு அறிவிக்கிறார்கள்; மாடியில் ரோதோல்ஃப் கதாநாயகி எம்மாவிடம் காதல் வசனம் பேசுகிறான். இரண்டு பேச்சுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டே போகின்றன. அச்சில் சில பத்துப் பக்கங்கள்தான். 1853 கோடையில் தொடங்கிய இந்தக் காட்சி குளிர்காலம் வரும்வரை அவரை விடவில்லை. காதலி லூயிஸ் கோலேவுக்கு அந்த மாதங்களில் எழுதிய கடிதங்களில் புலம்பல், கணக்கு, களைப்பு, நடுநடுவே திடீரென்று ஒரு குதூகலம் என்று எல்லாம் இருக்கின்றன. இரண்டு குரல்களும் ஒரே நேரத்தில் காதில் விழ வேண்டும் என்பது அவர் ஆசை. உரைநடையோ ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எதையும் சொல்ல முடியும். அந்தத் தடையைத் தாண்ட அவருக்குக் கிடைத்த வழி, இரு பக்கத்துப் பேச்சையும் வெட்டி வெட்டிச் சிறிதாக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாக்கியம் என்ற அளவுக்கு நெருக்குவது. இதை அவர் முன்கூட்டியே யோசித்து வைக்கவில்லை. படியெடுக்கப் படியெடுக்கக் கண்டுபிடித்தார்.

ஃப்ளோபேர் எழுதியதை உரக்கக் கத்திப் படித்துச் சரிபார்த்தார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. க்ருவாஸே கிராமத்தில் இருந்த தன் வாசிப்பறையிலும் தோட்டத்து மரநிழல் நடைபாதையிலும் நின்று வாக்கியங்களைக் குரலில் ஏற்றிப் பார்ப்பார். மூச்சு முட்டும் வாக்கியம் தவறான வாக்கியம். ஆனால் அதே அறையில் நடந்த வேறொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவருடைய நண்பர், கவிஞர் லூயி பூயே அங்கே வருவார். அந்த வாரம் எழுதியதை ஃப்ளோபேர் படித்துக் காட்டுவார். பூயே கறாரானவர். இது வேண்டாம், இது போதும், இதைத் தாண்டிப் போ என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. கண்காட்சிக் காட்சி போன்ற ஒரு சுழலிலிருந்து ஃப்ளோபேர் வெளியே வந்து அடுத்த அத்தியாயத்துக்கு நகர்ந்ததில் இந்த ஞாயிறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

அந்த உரிமையைப் பூயே சும்மா பெற்றுவிடவில்லை. 1849-ல் ஃப்ளோபேர் ‘புனித அந்தோணியாரின் சோதனை’ என்ற நூலை முடித்து, பூயேவையும் இன்னொரு நண்பர் மக்ஸிம் து கானையும் வரவழைத்து, நான்கு நாட்கள், நாளுக்கு எட்டு மணி நேரம் படித்துக் காட்டினார். முடியும்வரை குறுக்கே பேசக் கூடாது என்பது நிபந்தனை. கேட்டு முடித்த இருவரும் சொன்ன தீர்ப்பு: இதை நெருப்பில் போட்டுவிட்டு மறந்துவிடு. எந்த எழுத்தாளருக்கும் இது பேரிடி. ஃப்ளோபேர் நெருப்பில் போடவில்லை, பெட்டியில் வைத்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1851 செப்டம்பரில், கிராமத்து மருத்துவர் ஒருவரின் மனைவியைப் பற்றிய ஒரு சாதாரணக் கதையைத் தொடங்கினார். அதுதான் ‘மதாம் பொவாரி’. 1856 ஏப்ரல் கடைசியில் முடித்தார். பத்திரிகைக்கு அனுப்புமுன் இன்னும் சுமார் முப்பது பக்கங்களை வெட்டினார். மருந்துக்கடைக்காரர் ஓமேயின் மூன்று நீண்ட பேச்சுகள், ஒரு முழு நிலக்காட்சி, நடன விருந்தில் நடக்கும் பேச்சுகள் எல்லாம் அதில் போயின. நாலரை ஆண்டு உழைப்பின் கடைசி வாரங்களில், எழுதி முடித்து மெருகேற்றிய பக்கங்களைத் தூக்கி எறிவது எளிதில்லை.

இனி இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு வருகிறேன். நாவலைத் திருத்துவதும் நாவலை முடிப்பதும் இரண்டு வேறு வேலைகள். நாம் இரண்டையும் ஒன்றாகப் பாவித்து, போதுமான அளவு திருத்தினால் நாவல் தானாக முடிந்துவிடும் என்று நம்புகிறோம். நாவல்களின் கைப்பிரதி வரலாறு அப்படிச் சொல்லவில்லை. திருத்தத்துக்கு உள்ளிருந்து ஓர் எல்லை வருவதே இல்லை. ஒவ்வொரு திருத்தமும் இன்னொரு திருத்தத்துக்கு வழி திறக்கிறது. நாவல் முடிவது, யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒன்று அதை எழுத்தாளர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும்போதுதான். வாங்குபவர் யார், எந்த நேரத்தில் வாங்குகிறார், என்ன சொல்லி வாங்குகிறார் என்பதைப் பொறுத்தே பல நாவல்களின் இறுதி வடிவம் அமைந்திருக்கிறது.

மிக நல்ல தருணத்தில் வாங்கப்பட்ட பிரதிக்கு எடுத்துக்காட்டாக ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’யைச் சொல்வேன். 1924 அக்டோபர் கடைசியில் பிரான்ஸின் தென்கடற்கரையிலிருந்து தட்டச்சுப் பிரதியை நியூயார்க்கில் ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகத்தின் எடிட்டர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸுக்கு அனுப்பினார். நவம்பர் 20 தேதியிட்ட பெர்கின்ஸின் கடிதம் எடிட்டர்களுக்குப் பாடமாக வைக்கத்தக்கது. முதலில் மனம் நிறையப் பாராட்டுகிறார். பிறகு இரண்டு குறைகளைச் சொல்கிறார். டாம் புக்கானனைத் தெருவில் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம். கேட்ஸ்பியோ மங்கலாக இருக்கிறான், வயது கூடப் பிடிபடவில்லை. அடுத்து, அவனுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்பது வாசகருக்குப் புதிராகவே இருந்துவிடுகிறது. முழுதாக விளக்க வேண்டாம், அங்கங்கே ஒரு குறிப்பாவது வேண்டும். இவற்றோடு, கேட்ஸ்பியின் பூர்விகக் கதை ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டப்படுகிறது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட முடியுமா என்றும் கேட்கிறார்.

ஃபிட்ஸ்ஜெரால்டின் பதில் நேர்மையானது. கேட்ஸ்பி பார்க்க எப்படி இருப்பான், என்ன தொழில் செய்கிறான் என்பது தனக்கே தெரிந்திருக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். மனைவி ஸெல்டாவைத் திரும்பத் திரும்பக் கேட்ஸ்பியின் முகத்தை வரையச் சொல்லி, அவர் விரல் நோகும்வரை வரைந்த பிறகுதான் அவன் தனக்குத் துலங்கினான் என்றும் எழுதினார். 1925 தொடக்கத்தில் ரோம் நகரில் தங்கியிருந்தபோது காலி (galley) மெய்ப்புகளை வைத்துக்கொண்டு நாவலைத் திரும்பக் கட்டினார். ஆறாம், ஏழாம் அத்தியாயங்கள் பெருமளவு மாறின. எட்டாம் அத்தியாயத்தில் கிடந்த கேட்ஸ்பியின் இளமைக் கதையை உடைத்து, அதில் பெரும்பகுதியை ஆறாம் அத்தியாயத்துக்கு நகர்த்தினார். வாசகர் இப்போது அவனுடைய பொய்யை முன்னமே அறிந்துகொண்டு, அறிந்த பின்னும் அவன் பக்கம் நிற்கிறார். நாவலின் உணர்ச்சி முழுவதும் இந்த இடமாற்றத்தைத் தாங்கி நிற்கிறது. திருத்தும் முன்பிருந்த வடிவத்தை ‘ட்ரிமால்க்கியோ’ என்ற தலைப்பில் 2000-ல் கேம்பிரிட்ஜ் வெளியிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கு, நல்ல நாவலுக்கும் பெரிய நாவலுக்கும் நடுவே உள்ள தூரம் எவ்வளவு குறைவு, அதைக் கடப்பது எவ்வளவு கடினம் என்பது புரியும்.

அதே ஃபிட்ஸ்ஜெரால்டு தலைப்பை மட்டும் திருத்தி முடிக்க முடியாமல் தவித்தார். மார்ச் மாதத்தில், நாவல் அச்சுக்குப் போன பிறகு, தலைப்பை மாற்றும்படி கேபிள் அடித்தார். நேரம் கடந்துவிட்டது. ஏப்ரல் 10 அன்று நூல் வெளிவந்தது. எழுத்தாளரின் விருப்பப்படி விட்டிருந்தால் அந்த நாவல் இன்று வேறு பெயரில் இருந்திருக்கும். அச்சகத்தின் காலக்கெடு அதை மறுத்தது. பெர்கின்ஸ் திருத்தத்துக்குக் கதவைத் திறந்தும் வைத்தார், உரிய நேரத்தில் மூடவும் செய்தார். இரண்டும் சேர்ந்ததுதான் எடிட்டரின் வேலை.

இந்த வேலையை வீட்டிலிருந்தே செய்தவர்கள் உண்டு. வரலாறு அவர்களுக்கு உரிய இடம் தரவில்லை. டால்ஸ்டாயின் மனைவி சோஃபியாவைத்தான் சொல்கிறேன். திருமணத்தின்போது அவருக்கு வயது 18. அடுத்த ஆண்டே ‘போரும் அமைதியும்’ தொடங்கிவிட்டது. பகலெல்லாம் வீடு, குழந்தைகள், பண்ணைக் கணக்கு. இரவில் கணவரின் புரியாத கையெழுத்தைத் தெளிந்த பிரதியாக எழுதுவது. ‘அன்னா கரீனினா’ மெய்ப்பு திருத்தப்பட்ட விதத்தை மகன் இல்யா தன் நினைவுக்குறிப்பில் விவரித்திருக்கிறார். முதலில் ஓரத்தில் விடுபட்ட எழுத்து, நிறுத்தற்குறி போன்ற அச்சுக் குறிகள். பிறகு தனிச் சொற்கள். பிறகு முழு வாக்கியங்கள். கடைசியில் தாள் ஒரே கறுப்பாகி, அப்படியே அச்சகத்துக்கு அனுப்ப முடியாத நிலை வரும். ஏனென்றால் சோஃபியாவைத் தவிர வேறு யாராலும் அதைப் படிக்க முடியாது. அவர் இரவு முழுக்க உட்கார்ந்து படியெடுப்பார். காலையில் நேர்த்தியாக மடித்து வைக்கப்பட்ட தாள்களை, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று டால்ஸ்டாய் அறைக்குள் எடுத்துப் போவார். மாலையில் அவை மீண்டும் கறுத்துத் திரும்பும். தபாலில் போன பிறகும் ஒரு சொல்லை மாற்றச் சொல்லித் தந்தி போனதுண்டு.

இந்த மனிதருக்கு எப்படித்தான் ஒரு நாவல் முடிந்தது? ‘அன்னா கரீனினா’ 1875 முதல் 1877 வரை ‘ருஸ்கி வெஸ்த்னிக்’ இதழில் தொடராக வந்தது. இதழ் காத்திருந்ததால் முடிந்தது. அதிலும் எட்டாம் பாகத்தின் அரசியல் கருத்துகள் ஆசிரியர் கட்கோவுக்குப் பிடிக்கவில்லை. கதாநாயகி இறந்ததோடு நாவல் முடிந்தது போலத்தான் என்று குறிப்பு எழுதி அவர் நிறுத்திக்கொள்ள, டால்ஸ்டாய் அந்தப் பாகத்தைத் தனி நூலாக வெளியிட்டார். ‘புத்துயிர்ப்பு’ நாவலின் கதை இன்னும் தெளிவானது. 1889-ல் தொடங்கி, எடுப்பதும் வைப்பதுமாகப் பத்தாண்டு இழுத்த நாவல் அது. ரஷ்ய அரசின் ஒடுக்குமுறைக்கு ஆளான துகபோர் சமூகத்தினர் கனடாவுக்குக் குடிபெயரப் பணம் தேவைப்பட்டது. அதற்காக நாவலை ‘நீவா’ வார இதழுக்கு விற்றார். 1899-ல் ஒரு பக்கம் தொடர் வந்துகொண்டிருக்க, மறுபக்கம் அவர் எழுதித் தள்ளினார். ஓவியர் லியோனித் பாஸ்டர்நாக் கெடுவுக்குள் படம் வரையத் திணறினார். பத்தாண்டு முடியாதது ஓராண்டில் முடிந்தது. முடித்து வைத்தது ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் கப்பல் செலவு.

அச்சு இயந்திரமே முடித்து வைத்த நாவல்களும் உண்டு. பால்ஸாக் தன் திருத்தத்தை முழுக்க மெய்ப்பிலேயே செய்தவர். கைப்பிரதி அவருக்கு வெறும் எலும்புக்கூடு. அச்சில் பார்த்த பிறகுதான் சதை வைப்பார், ஒரு நாவலுக்குப் பல சுற்று மெய்ப்பு கேட்பார். கூடுதல் திருத்தத்தின் செலவு அவர் தலையில் விழுந்தது. இளமையில் சொந்தமாக அச்சகம் நடத்திக் கடனில் மூழ்கியவர் என்பதால் ஒவ்வொரு சுற்றின் விலையும் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ நாவலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மெய்ப்புத் தாள்களின் ஓரத்தில் எழுதிச் சேர்க்கப்பட்டது. பதிப்பாளர் சில்வியா பீச் கேட்ட மட்டும் மெய்ப்பு தந்தார். தீஜோன் நகரத்து அச்சகம் பொறுமையாகக் கோத்தது. ஜாய்ஸை நிறுத்தியது ஒரு தேதி. தன் நாற்பதாம் பிறந்தநாளான 1922 பிப்ரவரி 2 அன்று நூல் கையில் இருக்க வேண்டும் என்று அவரே பிடிவாதம் பிடித்தார். ப்ரூஸ்ட் விஷயத்தில் நிறுத்தியது மரணம். அவரது நோட்டுப் பக்கங்களில் காகிதத் துண்டுகளை ஒட்டி ஒட்டி உருவான மடிப்புகளில் சில, விரித்தால் ஒரு மீட்டருக்கும் மேல் நீளும். 1922-ன் வசந்தத்தில் முடிவு என்ற சொல்லை எழுதிவிட்டதாகப் பணிப்பெண் செலெஸ்தேயிடம் சொன்னவர், அந்த நவம்பரில் இறக்கும்வரை திருத்திக்கொண்டேதான் இருந்தார்.

வாங்குபவர் இல்லாமல் போனால் என்ன ஆகும்? ரால்ஃப் எலிசனின் வாழ்க்கை இதற்கு விடை சொல்கிறது. சுமார் ஏழு ஆண்டுகள் உழைத்து, எடிட்டர் ஆல்பர்ட் எர்ஸ்கினோடு உட்கார்ந்து வெட்டிச் சுருக்கி 1952-ல் வெளியிட்ட ‘இன்விசிபிள் மேன்’ அவரை அமெரிக்காவின் முதல் வரிசை எழுத்தாளர் ஆக்கியது. அடுத்த நாவலை ஐம்பதுகளிலேயே தொடங்கிவிட்டார். 1967 நவம்பரில் மாசச்சூசெட்ஸில் இருந்த அவரது கோடை வீடு எரிந்தது. பிரதியின் ஒரு பகுதியும் போனது. தீயை அடுத்த கடிதங்களில் சிறிய இழப்பாகக் குறிக்கப்பட்டது, ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் பேச்சில் பெரிதாகிக்கொண்டே போனது. இதைப் பொய் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முடிக்க முடியாத ஒன்றுக்குக் காரணம் தேடும் மனம் அப்படித்தான் இயங்கும்.

1982-ல் எலிசன் கணினி வாங்கினார். அதற்குப் பிறகு நடந்ததை இன்றைய எழுத்தாளர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். தட்டச்சில் ஒரு பக்கத்தைத் திருத்தினால் அந்தப் பக்கத்தை முழுதாக மறுபடி அடிக்க வேண்டும். விரலும் முதுகும் ஒரு கட்டத்தில் போதும் என்றுவிடும். கணினி அந்த வலியை நீக்கியது. ஒரே காட்சியைச் சிறு சிறு மாற்றங்களோடு அவர் திரும்பத் திரும்பச் சேமித்தார். எண்பதுக்கும் மேற்பட்ட வட்டுகள், நூற்றுக்கணக்கான கோப்புகள்; 1993 டிசம்பர் கடைசி வரை திருத்தம் நடந்திருக்கிறது. 1994 ஏப்ரலில் இறந்தார். எந்த வடிவம் இறுதியானது என்று சொல்லும் ஒரு குறிப்பும் இல்லை. நூற்பொறுப்பாளர் ஜான் காலஹன் அதிலிருந்து ஓர் இழையை மட்டும் எடுத்து 1999-ல் ‘ஜூன்டீந்த்’ என்று வெளியிட்டார். பின்னர் 2010-ல் ஆடம் பிராட்லியோடு சேர்ந்து ஆயிரம் பக்கத்துக்கு மேல் மொத்தமாகத் தொகுத்தார். அதைப் புரட்டும்போது பிரமாதமான தனிக் காட்சிகள் வருகின்றன, நாவல் வருவதில்லை. எலிசனுக்குத் திறமையோ உழைப்போ குறையவில்லை. நாற்பதாண்டு திருத்தியவரிடம், கொடுங்கள், போதும் என்று கேட்டு வாங்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்ற அளவுக்குப் புகழ் அவரைச் சுற்றி மதில் எழுப்பிவிட்டது.

ஃப்ளோபேரின் பிற்காலத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்கிறேன். 1869-ல் பூயே இறந்தார். அதற்குப் பிறகும் ஃப்ளோபேர் எழுதினார், ‘மூன்று கதைகள்’ போன்ற உன்னதமான நூலைத் தந்தார். ஆனால் பெரும் நாவலாகத் திட்டமிட்ட ‘பூவாரும் பெகூஷேயும்’ குறிப்பு எடுப்பதிலும் படிப்பதிலும் விரிந்துகொண்டே போய், 1880 மே மாதம் அவர் இறந்தபோது அரைகுறையாக நின்றது. ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்திருந்தால் அது முடிந்திருக்கும் என்று நிரூபிக்க முடியாது. இருந்தாலும் எனக்கு அந்தச் சந்தேகம் போவதில்லை.

முடிப்பதற்கு எழுத்தாளர்கள் தங்களுக்குத் தாங்களே சில பழக்கங்களைக் கட்டிக்கொண்டார்கள். அஞ்சல் துறை அதிகாரியாக இருந்த ஆண்டனி ட்ரோலப் அலுவலகம் போகுமுன் விடியற்காலையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். 47 நாவல்கள் வந்தன. ஹெமிங்வே தினமும் எழுதிய சொற்களை எண்ணி அட்டையில் குறித்தார், அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த இடத்தில் அன்றைய வேலையை நிறுத்தினார். அவரும் ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ முடிவில் மாட்டிக்கொண்டார்; எழுதிப் பார்த்த 47 முடிவுகள் 2012 பதிப்பில் சேர்க்கப்பட்டுள்ளன. காஃப்கா 1914-ல் ‘விசாரணை’யைத் தொடங்கியபோது முடிவு தப்பிப்போகாமல் இருக்க முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் ஆரம்பத்திலேயே எழுதிவிட்டார். நடுவில் நின்றுபோயிற்று. பழக்கங்கள் பக்கங்களைத் தரும். முடிவைத் தருமா என்பது வேறு கேள்வி.

தமிழில் நாவலை எழுத்தாளர் கையிலிருந்து வாங்கும் வேலையை நீண்ட காலம் வார இதழ் செய்தது. கெடு தவறாமல் வாங்கியது. அந்த அளவுக்கு அது பெரிய கொடை. கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை வாரம் தவறாமல் எழுதி முடித்தார். அந்த அளவுள்ள நாவலை அறைக்குள் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தால் நமக்குக் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் இதழ் வாங்கியது வாரத்துக்கு ஒரு பகுதி. முழு நாவலை ஒருபோதும் வாங்கவில்லை. அச்சேறிய அத்தியாயத்தைப் பின்னால் போய் மாற்ற முடியாது. ஃபிட்ஸ்ஜெரால்டு செய்தது போல எட்டில் இருப்பதை ஆறுக்கு நகர்த்தும் வாய்ப்பு தொடர்கதையில் கிடையாது. முடிவு சட்டென்று வந்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டி வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 5-ல் அவர் மறைந்தார். ஐந்து பாகங்களையும் ஒருசேர எடுத்துவைத்துத் திருத்தும் அவகாசம் அவருக்கு வாய்க்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த ‘அமர தாரா’வை அவருடைய குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி முடித்தார்.

தொடர் நின்றதால் நாவலுக்கு நன்மை விளைந்த கதையும் நம்மிடம் உண்டு. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ முதலில் ‘சரஸ்வதி’ இதழில் தொடராகத் தொடங்கியது. இதழ் நின்றது, நாவலும் பாதியில் நின்றது. பல ஆண்டு கழித்து, 1966-ல், முழு நாவலாக வெளிவந்தது. தொடர்க் கெடுவின் அவசரம் அந்த நாவலின் நடையில் எங்கும் இல்லை.

முழுப் பிரதியைக் கையில் வாங்கி, எழுத்தாளரோடு உட்கார்ந்து பார்க்கும் வழக்கத்தைத் தமிழில் நிலைநிறுத்த முயன்றவர்களில் க்ரியா பதிப்பகத்தின் ராமகிருஷ்ணன் முக்கியமானவர். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981-லும் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-லும் அங்கிருந்து வந்தன. ஒரு சொல்லுக்காக மணிக்கணக்கில் வாதாடிய அவர் வேகத்தில் ஆண்டுக்குச் சில நூல்களே வர முடிந்தது. அது பதிப்புத் தொழிலுக்கு லாபமில்லை. அந்தச் சில நூல்கள் நிற்கின்றன. வேறொரு துருவத்தில், ஜெயமோகன் ‘வெண்முரசு’ நாவல் வரிசையை 2014 தொடக்கத்திலிருந்து 2020 வரை இணையத்தில் நாளுக்கு ஓர் அத்தியாயமாக எழுதி 26 நாவல்களில் முடித்தார். அங்கே வாங்கியவர்கள் காலையில் காத்திருந்த வாசகர்கள். கெடுவை இதழ் வைக்காமல் எழுத்தாளரே ஊரறிய அறிவித்து வைத்துக்கொண்டது இதில் புதிது.

இந்த இரண்டு துருவத்துக்கும் நடுவே, எழுதி முடித்தும் வாங்க ஆளில்லாமல் நின்ற ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ப. சிங்காரம் இந்தோனேசியாவில் போர்க்காலத்தை நேரில் பார்த்தவர். மதுரையில் ‘தினத்தந்தி’யில் வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனி வாழ்க்கை. ‘கடலுக்கு அப்பால்’ நாவலுக்குக் ‘கலைமகள்’ பரிசு கிடைத்தது. ‘புயலிலே ஒரு தோணி’யை அறுபதுகளின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். அது நூலாக வந்தது 1972-ல். தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்று என்று இன்று பலரும் ஒப்புக்கொள்ளும் பிரதி பத்தாண்டுக் காலம் பதிப்பாளர்களின் வாசலில் அலைந்தது. அதற்குப் பிறகு அவர் நாவல் எழுதவில்லை. 1997-ல் இறந்தார். மூன்றாவது நாவலை அவர் மனம் எவ்வளவு தூரம் கொண்டுபோயிருந்தது என்பதை இனி யாரும் அறிய வழியில்லை.

இன்று அச்சுக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை. எழுத்தாளரே கணினியில் அடித்து, பக்கம் வடிவமைத்து, தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் நூறு பிரதி போட்டுக்கொள்ளலாம். பிரதி வாசலில் அலைய வேண்டியதில்லை. அதே வேகத்தில், பிரதியை முழுதாகப் படித்து, இங்கே மங்கலாக இருக்கிறது, இதை முன்னால் கொண்டுவாருங்கள், இந்த முப்பது பக்கம் வேண்டாம் என்று சொல்பவரும் வழியிலிருந்து விலகிவிட்டார். புத்தகக் காட்சிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதே இப்போது பல நாவல்களின் ஒரே கெடு. அந்தக் கெடு பிரதியை வாங்கிக்கொள்கிறது, படிப்பதில்லை. ஒரு நாவலின் அடக்கவிலையில் காகிதத்துக்கும் அச்சுக்கும் அட்டைக்கும் விற்பனைக் கழிவுக்கும் கணக்கு உண்டு. படித்துத் திருத்துபவரின் ஊதியத்துக்குப் பெரும்பாலும் தனியாக ஒரு வரி கிடையாது. அந்த வேலையை நண்பர்கள் அன்புக்காகச் செய்கிறார்கள், அல்லது யாரும் செய்வதில்லை. பெர்கின்ஸ் ஸ்க்ரிப்னர்ஸில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் அந்த நவம்பர் கடிதத்தை எழுதினார்.